டாக்டர் மாட்டிய கார்புரேட்டர்

அந்தத் தெருவில் யாரைக் கேட்டாலும் டாக்டர் வீட்டைக் காட்டிவிடுவார்கள். ஊசி போடுகிற டாக்டர் இல்லை, லாரி டாக்டர். புது வண்டிகள் எல்லாம் வழியில் படுத்துக்கொண்ட காலத்திலும் தன் பழைய பெட்ரோல் லாரியை ஒரு நாள்கூட நிற்க விடாமல் ஓட்டியவர் என்பதால் லாரி ஸ்டாண்டில் வைத்த பெயர் அது. அவரும் வேண்டாம் என்று ஒருநாளும் சொன்னதில்லை. டீக்கடையில் யாராவது, "எப்படிண்ணே இந்தக் கெழட்டு இன்ஜினை இப்படி வெச்சிருக்கீங்க?" என்று கேட்டால், "எல்லாம் கைராசிப்பா" என்று மீசையைத் தடவிக்கொள்வார்.

அந்தக் கை யாருடைய கை என்பது உலகத்தில் இரண்டே பேருக்குத்தான் தெரியும். ஒருவர் டாக்டர். இன்னொருத்தி அந்தக் கைக்குச் சொந்தக்காரி, அவருடைய மனைவி.

தெருவுக்கு அவள் தையலக்கா. வாசல் அறையில் தையல் மிஷின் போட்டுத் துணி தைப்பவள். கல்யாணமான புதிதில் ஒருநாள் அவளையும் ஏற்றிக்கொண்டு போகும்போது நடுரோட்டில் லாரி நின்றுபோக, டாக்டர் பானெட்டைத் திறந்து அரை மணி நேரம் திட்டித் தீர்த்தார். பெரிய நட்டு என்றால் அவர் சிங்கம். சின்ன ஸ்க்ரூவைக் கண்டால் கோபம் தலைக்கேறிவிடும். ஸ்பேனரைத் தூக்கி வீசிவிட்டு ஓரமாகப் போய் உட்கார்ந்துவிட்டார். அவள் இறங்கி வந்து, தையல் மிஷினைக் கழற்றுகிற மாதிரி, பெட்ரோலையும் காற்றையும் கலந்து இன்ஜினுக்கு அனுப்புகிற கார்புரேட்டரின் மூடியைக் கழற்றி, உள்ளே அடைத்திருந்த தூசியை ஊதி எடுத்து, திருப்பி மாட்டினாள். வண்டி ஓடியது. அன்றிலிருந்து வீட்டுக்குப் பின்னால் தார்ப்பாய் மறைவில் அவள் வேலை செய்வாள், அவர் பக்கத்தில் நின்று ஸ்பேனர் எடுத்துக் கொடுப்பார், மறுநாள் ஸ்டாண்டில் அவர் பேர் வாங்குவார்.

ஏன் விட்டுக்கொடுத்தாள் என்று கேட்பீர்கள். முதலில் அது அவளுக்கு வேடிக்கையாக இருந்தது. சாயங்காலம் வந்து, "இன்னிக்கு நமக்கு ஒரு பாராட்டு" என்று சொல்வார். அந்த 'நமக்கு' அவளுக்குப் போதுமாக இருந்தது. வருஷங்கள் ஓட ஓட, 'நமக்கு' எப்போதோ 'எனக்கு' ஆகிவிட்டது. அது நடந்த நாளை அவளால் சொல்ல முடியாது, ஆனால் நடந்துவிட்டது என்று தெரியும். வாயில் வைத்த குண்டூசியைப் போல அதை உதட்டிலேயே பிடித்துக்கொண்டு தைத்துக்கொண்டிருந்தாள்.

இப்படியே போயிருக்கும். டாக்டரின் கண் காலை வாரியது. தூரத்தில் வருவது லாரியா மாடா என்று தெரியவில்லை. பரிசோதனையில் எழுத்துப் பலகையைப் பார்த்து வாய்க்கு வந்ததைச் சொல்லிப் பார்த்தார், பலிக்கவில்லை. லைசென்ஸைப் புதுப்பிக்க மாட்டோம் என்று சொல்லிவிட்டார்கள். லாரி வீட்டுக்குப் பின்னால் நின்றுவிட்டது. டாக்டர் வாசலில் உட்கார்ந்து, தையலுக்கு வருகிறவர்களிடம் தேவையில்லாத ஆலோசனைகள் சொல்ல ஆரம்பித்தார். இரண்டு மாதத்தில் மீசையைத் தடவுவதே நின்றுபோனது. அதுதான் அவளைப் பயமுறுத்தியது.

அப்போதுதான் அந்தச் சேதி வந்தது. செங்கல், மணல் ஏற்றுகிற ஒரு கம்பெனியில் இதே இன்ஜின் போட்ட ஆறு பழைய லாரிகள் இருந்தன. அங்கே இருந்த மெக்கானிக்குகள் எல்லாம் புது வண்டி பழகியவர்கள். கார்புரேட்டர் என்றாலே முகத்தைச் சுளித்தார்கள். 'டாக்டர்னு ஒருத்தர் இருக்கார்' என்று யாரோ சொல்ல, வொர்க்‌ஷாப் ஃபோர்மேன் ஆளனுப்பினார். வியாழக்கிழமை பத்து மணிக்கு வந்து, ஒரு வண்டியின் கார்புரேட்டரை மாற்றி ஓட்டிக் காட்டட்டும்; சரியாக இருந்தால் வேலை அவருக்குத்தான்.

டாக்டர் அவளிடம் வந்து சொன்னபோது அவள் சிரித்துவிட்டாள். அவர் சிரிக்கவில்லை.

"வேற என்ன தெரியும் எனக்கு?" என்றார். "வாட்ச்மேன் வேலைக்குக்கூடக் கண்ணு வேணும். நீ எனக்குச் சொல்லிக் குடு. கத்துக்கறேன்."

"இத்தனை வருஷமாப் பக்கத்துலயே நின்னீங்க. அப்பக் கத்துக்கலையா?"

"அப்பத்தான் நீ இருந்தியே."

மூன்று நாள், தங்கள் லாரியிலேயே, அவரைப் போட்டுப் பிழிந்தெடுத்தாள். கழற்று, மாட்டு, மறுபடி கழற்று. அவர் கோபித்தார், ஸ்பேனரை வீசினார், போய்ப் பொறுக்கிக்கொண்டு வந்தார். மூன்றாம் நாள் தலைகீழாகச் சொல்கிற அளவுக்கு வந்துவிட்டார். "நீயும் வா, சாப்பாட்டுக் கூடையோட வந்த மாதிரி நில்லு. ஆனா வாயைத் தொறக்கக் கூடாது. நீ ஒரு வார்த்தை சொன்னா என் மானம் போச்சு" என்றார்.

"தொறக்கல."

"சத்தியமா?"

"சத்தியமா."

இங்கே ஒரு விஷயத்தைச் சொல்லிவிடுகிறேன், பின்னால் என்னைக் குறை சொல்லக் கூடாது. பழைய கார்புரேட்டரைத் தூக்கியதும் அதற்குக் கீழே இன்ஜினுக்குக் காற்றும் பெட்ரோலும் போகிற வாய் திறந்துகொள்ளும். அதில் ஒரு வாஷர் விழுந்தால்கூட இன்ஜின் கதை முடிந்தது. அதனால் அந்த வாயில் துணியை அடைத்துவிட்டுத்தான் மற்ற வேலை. அடைப்பதும் எடுப்பதும் இத்தனை வருஷமாக டாக்டரின் பொறுப்பு. புதிதை மாட்டத் தூக்கும்போது அவள் "துணி" என்பாள், அவர் வெடுக்கென்று உருவுவார். இந்த மூன்று நாளும், ஓரமாக நின்றுகொண்டே, அவள் அதே இடத்தில் அதே மாதிரி "துணி" என்று சொல்லிக்கொண்டுதான் இருந்தாள். தான் சொல்கிறோம் என்று அவளுக்குத் தெரியாது. அவள் சொல்லித்தான் எடுக்கிறோம் என்று அவருக்கும் தெரியாது.

வியாழக்கிழமை வந்தது. வொர்க்‌ஷாப் என்பது நீளமான தகரக் கொட்டகை. தரை முழுக்க எண்ணெய் குடித்துக் கறுத்திருந்தது, அதன்மேல் மரத்தூள் தூவியிருந்தார்கள். ஒரு மூலையில் காற்றடிக்கிற மிஷின் மூச்சிரைத்துக்கொண்டிருந்தது. டயர் அடுக்கின்மேல் இரண்டு மெக்கானிக்குகள் காலை ஆட்டியபடி உட்கார்ந்திருந்தார்கள், டாக்டரின் வைத்தியத்தைப் பார்ப்பதற்கென்றே. ஃபோர்மேன் அதிகம் பேசாத மனுஷர். மூக்குக் கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டுக்கொண்டு, "ஆரம்பிங்க" என்று மட்டும் சொன்னார். அவள் டிரைவர் கதவுக்கு நேராகச் சுவரோரம், ஐந்தாறு அடி தள்ளி, கூடையை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

டாக்டர் பேட்டரி வயரைக் கழற்றினார். ஏர் ஃபில்டரை எடுத்து ஓரமாக வைத்தார். பெட்ரோல் குழாயைக் கழற்றியதும், சொட்டாமல் இருக்க அதன் முனையில் ஒரு போல்டைச் செருகினார். அவளுக்கு உள்ளுக்குள் பெருமை பொங்கியது. அதை அவர் மறந்துவிடுவார் என்றுதான் பயந்திருந்தாள். ஆக்ஸிலேட்டர் கம்பி, சோக் கேபிள், திருப்பி இழுக்கிற ஸ்பிரிங், ஒவ்வொன்றையும் கழற்றிய வரிசையிலேயே தட்டில் அடுக்கினார். கீழே நான்கு நட்டு. அதையும் எடுத்துப் பழைய கார்புரேட்டரைத் தூக்கினார். துணியை உள்ளே அடைத்தார். எண்ணெயில் ஊறிக் கறுத்துப்போன துணி.

பழையதையும் புதியதையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, லீவர் ஒரே பக்கம் இருக்கிறதா, ஓட்டைகள் ஒத்துப்போகிறதா என்று தடவிப் பார்த்தார். ஃபோர்மேன் லேசாகத் தலையாட்டினார். கசியாமல் இருக்க அடியில் வைத்து, ஒட்டிக்கொண்டிருந்த பழைய கேஸ்கட் அட்டையைச் சுரண்டியெடுத்துவிட்டுப் புது கேஸ்கட்டை வைக்கும்போது ஃபோர்மேன் கேட்டார்.

"பசை எதுவும் போடலியா?"

"வேண்டாம் சார். காஞ்ச கேஸ்கட்தான். பசை போட்டா பெட்ரோல் அதை அரிச்சு இன்ஜினுக்குள்ள இழுத்துட்டுப் போயிடும்."

சரியான பதில். டயர் மேல் இருந்த இரண்டு பேரும் ஒருவரையொருவர் பார்த்துக்கொண்டார்கள். டாக்டரின் கை தானாக மீசைக்குப் போய்த் திரும்பியது. நின்றுபோயிருந்த பழக்கம் திரும்பி வந்ததை அவள் பார்த்துக்கொண்டாள்.

அவர் புது கார்புரேட்டரைத் தூக்கினார். தூக்கியவர், அதை அந்தரத்தில் பிடித்தபடி ஒரு கணம் நின்றார். எதற்கோ காத்திருக்கிற மாதிரி. எதற்கு என்று அவருக்கே தெரியவில்லை.

அவளுக்குத் தெரிந்தது. சொல் நாக்கு நுனிக்கு வந்துவிட்டது. நாக்கைக் கடித்துக்கொண்டாள்.

டாக்டர் கார்புரேட்டரைத் துணியின் மேலேயே உட்கார வைத்தார்.

அடுத்த பத்து நிமிஷம் அவள் பட்ட பாடு யாருக்கும் வேண்டாம். அவர் நான்கு நட்டையும் எதிரெதிர் மூலையாக, கொஞ்சம் கொஞ்சமாக, அவள் சொல்லிக்கொடுத்தபடியே முறுக்கினார். ஒவ்வொரு முறுக்கையும் அவள் எண்ணிக்கொண்டிருந்தாள். ஒரு இருமல் போதும். கூடையின் மூடியைக் கீழே போட்டால் போதும். திரும்பிப் பார்ப்பார், இவள் கண்ணைக் காட்டிவிடலாம். தப்பு அவருடையது மட்டுமில்லை என்றும் அவளுக்குப் புரிந்தது. மூன்று நாள் பக்கத்தில் நின்று, மிக முக்கியமான ஒன்றை மட்டும் தன் வாயிலேயே வைத்துக்கொண்டு, மற்றதை எல்லாம் கற்றுக்கொடுத்திருக்கிறாள். ஆனாலும் அவள் இருமவில்லை. மூடியையும் கீழே போடவில்லை. சத்தியம் பண்ணியிருக்கிறேனே என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள்.

குழாய், கேபிள், ஸ்பிரிங், பேட்டரி எல்லாம் மாட்டியாயிற்று. டாக்டர் கையைத் துடைத்துக்கொண்டு, "ஸ்டார்ட் பண்ணட்டுமா சார்?" என்றார். குரலில் பழைய டாக்டர் முழுசாகத் திரும்பி வந்திருந்தார். வண்டியில் ஏறிக் கதவைத் திறந்தபடியே வைத்து, சாவியைத் திருப்பினார்.

இன்ஜின் சுற்றியது. இரண்டு தரம் செருமியது. கறுப்பாகக் கொஞ்சம் புகையைக் கக்கிவிட்டு அடங்கியது.

"பெட்ரோல் இப்பத்தான் ஏறுது சார்" என்றார் டாக்டர்.

"இன்னொரு தடவை அடிச்சுப் பாருங்க" என்றார் ஃபோர்மேன்.

இன்னொரு தடவை அடித்தால் என்ன ஆகும் என்று அங்கே அவள் ஒருத்திக்குத்தான் தெரியும். இன்ஜின் மூச்சை இழுக்கும், துணி கீழே இறங்கும். அப்புறம் மொத்தத்தையும் பிரித்தாக வேண்டும். நூல் பிரிந்து வால்வில் போய்ச் சிக்கினால் இன்ஜினே போச்சு. டாக்டரின் விரல்கள் சாவியில் இருந்தன. அவள் கண்ணை இறுக மூடிக்கொண்டாள்.

சத்தம் வரவில்லை. கண்ணைத் திறந்தபோது டாக்டர் அவளுக்கு முன்னால் நின்றிருந்தார். வீட்டில் தார்ப்பாய்க்குப் பின்னால் நிற்பதைப் போலவே நின்று, கையை அவள் பக்கம் நீட்டி, சாதாரணக் குரலில், எல்லோருக்கும் கேட்கிற மாதிரி கேட்டார்.

"என்னத்தை விட்டேன்?"

டயர் மேல் இருந்தவர்கள் காலை ஆட்டுவதை நிறுத்தினார்கள்.

"துணி" என்றாள்.

டாக்டர் தலையில் கை வைத்துக்கொண்டார். ஃபோர்மேன் நெற்றியிலிருந்த கண்ணாடியை மூக்குக்கு இறக்கி, அவளை அப்போதுதான் முதல் தடவையாகப் பார்த்தார்.

"என்னம்மா சொல்றீங்க?"

"உள்ள அடைச்ச துணியை எடுக்கலை சார். அதுக்கு மேலயே மாட்டியாச்சு."

"அது உங்களுக்கு எப்படித் தெரியும்?"

அவள் பதில் சொல்லுமுன் டாக்டர் முந்திக்கொண்டார். "அவளுக்குத்தான் சார் தெரியும். இந்த மூணு நாளுக்கு முன்னாடி என் வண்டியில ஒரு சின்ன நட்டைக்கூட நான் கழட்டினதில்லை. எல்லாம் அவ கை. டாக்டர் அவதான், நான் கம்பவுண்டர்."

டயர் மேல் இருந்தவர்கள் விழுந்து விழுந்து சிரித்தார்கள். அவளுக்கு அவர்கள் இரண்டு பேரையும் அறையலாம் போலிருந்தது. அவர் சொல்ல வேண்டும் என்று இத்தனை வருஷம் காத்திருந்த வார்த்தைதான் அது. வந்தபோது சந்தோஷமாக இல்லை, வலித்தது. டாக்டரும் அவர்களோடு சேர்ந்து சிரித்தார். காதுமடல் மட்டும் சிவந்துபோயிருந்தது.

ஃபோர்மேன் சிரிக்கவில்லை. "நீங்க எடுங்கம்மா" என்றார்.

அவள் கூடையைக் கணவரிடம் கொடுத்துவிட்டுக் முந்தானையை இடுப்பில் செருகிக்கொண்டாள். டாக்டர் மாட்டியதை எல்லாம் கழற்றினாள். துணி பாதி உள்ளே போயிருந்தது. மெல்லிய குறடால் அதன் முனையைப் பிடித்து, அவசரப்படாமல், நூல் பிரியாமல், சிறுகச் சிறுக இழுத்தாள். முழுசாக வந்தது. வந்ததும் வீசிவிடவில்லை. அதை வண்டியின் மட்கார்டின்மேல் விரித்து, நான்கு ஓரத்தையும் விரலால் தடவி, எங்கேயும் கிழிந்து துண்டு உள்ளே தங்கவில்லை என்று பார்த்தபிறகுதான் மறுபடி மாட்ட ஆரம்பித்தாள். டயர் மேல் இருந்தவர்கள் எப்போது இறங்கிப் பக்கத்தில் வந்து நின்றார்கள் என்று அவள் கவனிக்கவில்லை.

இந்தத் தடவை இரண்டே சுற்றில் இன்ஜின் பிடித்துக்கொண்டது. கொஞ்சம் தடுமாறிக்கொண்டு ஓடியது. அவள் ஸ்க்ரூடிரைவரால் பக்கவாட்டு ஸ்க்ரூவை இன்ஜின் திணறுகிற வரைக்கும் உள்ளே திருப்பினாள், பிறகு மெல்ல வெளியே கொண்டுவந்தாள். ஓர் இடத்தில் சத்தம் ஒரே சீராக அமைந்தது. அங்கே விட்டாள். ஃபோர்மேன் மட்கார்டில் உள்ளங்கையை வைத்து நடுக்கம் இருக்கிறதா என்று கொஞ்ச நேரம் பார்த்தார்.

"யாருகிட்டக் கத்துக்கிட்டீங்க?"

"யாருகிட்டயும் இல்ல சார். ஒருநாள் கழட்டிட்டேன். திருப்பி மாட்டணுமே!"

இப்போது ஃபோர்மேன் சிரித்தார். "திங்கக்கிழமை எட்டு மணிக்கு வந்துடுங்கம்மா. ஆறு வண்டியும் உங்க பொறுப்பு." பிறகு டாக்டர் பக்கம் திரும்பி, எப்படிச் சொல்வது என்று தெரியாமல் பேனாவை எடுத்து மறுபடி பையில் செருகினார். "உங்களுக்கு..."

"புரியுது சார்" என்றார் டாக்டர். "நான் கேட்டது ஒரு வேலைதானே. அது எங்க வீட்டுக்கு வந்துடுச்சு."

இருவரும் பஸ் நிறுத்தத்துக்குக் கிளம்பினார்கள். டாக்டர் கூடையைத் தூக்கிக்கொண்டு முன்னால் நடந்தார். முதுகைப் பார்த்தால் மனுஷன் ஒரே நாளில் இளைத்துவிட்ட மாதிரி இருந்தது. நாளைக்கே ஸ்டாண்டில் சேதி பரவிவிடும். டீக்கடையில் 'கம்பவுண்டர்' என்று கூப்பிடுவார்கள், சந்தேகமே இல்லை. அவளுக்கு வேலை கிடைத்த சந்தோஷம் ஒரு பக்கம், அதை அவரிடமிருந்து பிடுங்கிக்கொண்டோமோ என்கிற உறுத்தல் இன்னொரு பக்கம். நிறுத்தத்தில் வேறு யாரும் இல்லை. அவளால் அடக்க முடியவில்லை.

"நான் பாத்தேங்க" என்றாள். "நீங்க மாட்டத் தூக்கும்போதே பாத்துட்டேன். ஒரு இருமல் இருமியிருக்கலாம்."

"சத்தியம் பண்ணியிருந்தியே."

"சத்தியமும் இல்லை, ஒண்ணும் இல்லை." அவள் அவர் பக்கம் திரும்பினாள். "வேணும்னேதான் இருந்தேன். ஒரு தடவை, ஒரே ஒரு தடவை, நாலு பேர் முன்னாடி நீங்க தோக்கணும்னு இருந்துச்சு. நான் இல்லாம உங்களால முடியாதுன்னு தெரியட்டும்னு இருந்துச்சு. இதான் நெஜம். திட்டறதுன்னா திட்டுங்க."

டாக்டர் திட்டவில்லை. பஸ் வருகிறதா என்று ரோட்டைப் பார்த்தார், வருவது எதுவும் தெரியாத அந்தக் கண்ணால்.

"ரெண்டாவது தடவை சாவியைத் திருப்பப் போனேன்ல, அப்ப நீ கண்ணை மூடினே" என்றார்.

"பாத்தீங்களா?"

"பாத்தேன். இன்ஜினுக்கு ஏதோ ஆகப்போகுதுன்னாத்தான் நீ அப்படி மூடுவே. என்னன்னு எனக்குத் தெரியல. ஏதோன்னு மட்டும் தெரிஞ்சுது." கூடையை மறு கைக்கு மாற்றிக்கொண்டார். "திருப்பியிருக்கலாம். உள்ள எதாச்சும் ஒடைஞ்சிருந்தா, 'பழைய இன்ஜின் சார், அது ஆயுசு அவ்வளவுதான்'னு அது தலையில பழியைப் போட்டிருக்கலாம். அவங்களும் நம்பியிருப்பாங்க. டாக்டராவே வீட்டுக்கு வந்திருப்பேன்."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். இத்தனை நேரமும் வேறு மாதிரி நினைத்துக்கொண்டிருந்தாள்.

"அப்ப, வீட்டு ஞாபகத்துல கை தன்னால நீளலையா?"

"இல்ல" என்றார் டாக்டர். "நானாத்தான் நீட்டினேன்."

பஸ் வந்து நின்றது. ஏறாமல் நின்று அழுகிற பொம்பளையையும் பக்கத்தில் கூடையோடு முழிக்கிற ஆளையும் பார்த்து டிரைவர் இரண்டு தரம் ஹாரன் அடித்துவிட்டு, அடுத்த பஸ்ஸில் வரட்டும் என்று கிளம்பிப் போனார்.